நீலகிரிக் குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேவாலயப் பதிவேடுகளில் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளுக்குள் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலைக்கு வந்து, சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் வீடு கட்டிக் குடியேறிய காலம் முதல், சமையற்காரர், குதிரைக்காரர், கொத்தனார், தோட்டக்காரர், பின்னர் காப்பி, தேயிலை, சின்கோனாத் தோட்டங்களின் தொழிலாளர், மேஸ்திரி, ரைட்டர் எனப் பலரும் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுடைய பிறப்பையும் இறப்பையும் அரசு முழுமையாக எழுதி வைக்கவில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1970-இல் நடைமுறைக்கு வருமுன், நகராட்சி எல்லைக்கு வெளியே, குறிப்பாகத் தோட்டங்களின் லயன் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு, அரசுப் பதிவு இருக்கும் என்று நம்பிப் போவது வீண். அந்த இடைவெளியை நிரப்புபவை ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகளே.

ஆனால் இந்த ஏடுகளை வெள்ளையர் குடும்பங்கள் தேடும் முறையில் நாம் தேட முடியாது. அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டே பல தலைமுறை பின்னால் போகலாம். நமக்கோ தகப்பன் பெயர் மட்டுமே, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஒரே பங்கில் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியில்), ஒரே பத்தாண்டில், சூசை மகன் அந்தோணி என்று நால்வர் இருப்பது மிகச் சாதாரணம். ஆகவே ஊரையும், சடங்கின்போது பக்கத்தில் நின்றவர்களையும் முதலில் பின்தொடருங்கள். பெயர் தானாக வந்து சேரும்.

வீட்டில் தொடங்க வேண்டிய வேலை

ஆலயத்துக்குப் போகுமுன் வீட்டில் உள்ளவற்றை ஒன்று சேர்க்க வேண்டும். பழைய ஞானஸ்நானச் சான்று, கல்யாணப் பத்திரிகை, குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் எழுதிய தேதிகள், பங்கின் குடும்ப அட்டை, சபைச் சந்தாப் புத்தகம், தோட்டக் கம்பெனி கொடுத்த வேலைச் சான்று, கல்லறைக் கல்லின் புகைப்படம் ஆகிய எல்லாமே பயன்படும். குடும்பத்தில் வயதான பெண்களிடம் கேட்பது மிக முக்கியம் என்பது என் கருத்து. ஆண்கள் வேலை பார்த்த இடத்தை நினைவில் வைத்திருப்பார்கள், பெண்களோ யார் வீட்டிலிருந்து பெண் எடுத்தோம், எந்தத் திருவிழாவுக்கு எந்த ஊருக்குப் போனோம், குழந்தையை ஞானஸ்நானத்துக்கு யார் ஏந்தினார்கள் என்பதையெல்லாம் சொல்வார்கள். பதிவேட்டில் வழி திறப்பவை இந்தத் தகவல்களே.

ஒவ்வொருவருக்கும் வீட்டில் அழைத்த பெயர், ஆலயத்தில் வைத்த பெயர், பள்ளியிலும் அலுவலகத்திலும் எழுதிய பெயர் என மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ‘தாத்தா குன்னூர்க்காரர்’ என்பது போதாது. எந்த எஸ்டேட், எந்தப் பிரிவு, எந்தத் துரையின் வீடு என்பது தெரிந்தால் எந்த ஆலயம் என்பது பாதி தெரிந்துவிடும்.

எந்தச் சபை, எந்த நிருவாகம்

அடுத்து, குடும்பம் எந்தச் சபையைச் சேர்ந்திருந்தது என்பதையும், அந்தக் காலத்தில் அந்த ஆலயம் யாருடைய பொறுப்பில் இருந்தது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். ஏடு இன்றைய அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்றைய அலுவலகத்தோடு போயிருக்கலாம்.

ஆங்கிலிக்கன் பதிவுகள் இங்கு மிகப் பழையவற்றுள் அடங்கும். உதகையின் புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டி, 1830-இல் கல்கத்தா பேராயர் டர்னர் பிரதிஷ்டை செய்தார். மதராஸ் மறைமாவட்டம் 1835-இல்தான் தனியாக உருவானது. குன்னூர் சகல பரிசுத்தவான்கள் ஆலயமும் வெலிங்டன் ராணுவக் குடியிருப்பின் ஆலயமும் பின்னர் வந்தவை. இவற்றில் அரசுச் சம்பளம் பெற்ற குருவான சாப்ளின் எழுதிய ஏடுகளில் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இடம்பெற்றனர். தமிழ்ச் சபைகளுக்குத் தனி ஏடுகள் இருந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இவை அதன் கீழ் வந்தன.

கேத்தி, கோத்தகிரிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பாசல் மிஷன் ஏடுகள் தேவைப்படும். ஓய்வு பெற்ற ஆங்கில அதிகாரி காசமேஜர் அழைத்ததன் பேரில் 1846-இல் இம்மிஷன் கேத்தியில் வேலை தொடங்கியது. படகர்களில் முதல் ஞானஸ்நானம் 1858-இல் நடந்தது. படகக் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த ஹட்டி, அதாவது எந்தப் படகர் ஊர், என்பதுதான். ஹட்டி தெரிந்தால் பெண் கொடுத்த, எடுத்த ஊர்களின் வரம்பும் தெரியும். மிஷனரிகள் ஜெர்மன் மொழியில், இன்று ஜெர்மானியரே எளிதில் வாசிக்க இயலாத பழைய சாய்வெழுத்தில் எழுதினார்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். சபை மக்களிடையே கன்னடமும் படகமும் புழங்கின.

கத்தோலிக்கருக்கு நிருவாக மாற்றங்கள் அதிகம். பாண்டிச்சேரி மிஷனின் கீழ் இருந்த கோவைப் பகுதி 1850-இல் தனி மறைவட்டமாகி, 1886-இல் மறைமாவட்டமானது. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள்தாம் 19ஆம் நூற்றாண்டில் மலைப் பங்குகளை நடத்தினர். உதகை மறைமாவட்டம் 1955-இல் மைசூரிலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. எனவே ஒரு திருமண அனுமதிக் கடிதம் உதகை ஆயரகத்தில் இல்லையென்றால், ஆண்டைப் பொறுத்து மைசூரிலோ கோவையிலோ கேட்க வேண்டியிருக்கும். அரசு ஆவணங்களுக்கும் இதே கதைதான்: நீலகிரி 1868-இல் கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்தது, கூடலூர்ப் பகுதியான தென்கிழக்கு வயநாடு 1877-இல் மலபாரிலிருந்து வந்து சேர்ந்தது.

ஆலய அலுவலகத்தில்

முன்கூட்டியே கடிதமோ தொலைபேசியோ மூலம் தெரிவித்துவிட்டு, வார நாளில் போக வேண்டும். சனி, ஞாயிறு, தவக்காலம், டிசம்பர் மாதம், பங்குத் திருவிழா நாட்கள் ஆகியவற்றைத் தவிர்க்கவும். ‘பழைய புத்தகமெல்லாம் கொடுங்கள், பார்க்கிறேன்’ என்று கேட்டால் எந்தப் பங்குத்தந்தையும் போதகரும் தயங்குவார், அது நியாயமும்கூட. யாருடைய பதிவு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குள், உங்களுக்கு என்ன உறவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், உரிய கட்டணம் செலுத்துவோர் திருமணப் பதிவேட்டில் தேடவும் நகல் பெறவும் இடமளிக்கிறது. ஞானஸ்நான ஏட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது பொறுப்பாளரின் இசைவைப் பொறுத்தது.

அண்மைக் காலப் பதிவுகளைக் காட்ட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். பழைய ஏடுகளில் சாதி, முறையற்ற பிறப்பு என்ற குறிப்பு, மதம் மாறிய தேதி எல்லாம் இருக்கும். பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி இல்லை என்று 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கூறுவதால், ஆலயப் பெயரும் சான்றிதழ்ப் பெயரும் வேறுவேறாக இருக்கும் குடும்பங்கள் பல உள்ளன. உங்கள் ஆர்வத்துக்காக அடுத்த வீட்டாரின் பதிவைப் படமெடுத்துப் பரப்புவது அவர்களுடைய வாழ்வையே பாதிக்கும்.

மலையின் ஈரத்தில் இருந்த ஏடு என்பதை மறக்கக் கூடாது. பழைய மையில் உள்ள இரும்புச் சத்து தாளை அரித்திருக்கும், பூஞ்சணத்தால் பக்கங்கள் ஒட்டியிருக்கும். விரலை நனைத்துப் புரட்டுவது, ஒட்டிய தாளைப் பிரிப்பது, பக்கத்தின் மேல் வைத்து எழுதுவது ஆகியவை கூடாது. அனுமதி கிடைத்தால் சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து படமெடுங்கள். அட்டை, முதற்பக்கம், முழுப் பக்கம், பின்பு வரி என்ற வரிசையில் எடுத்தால் எந்த ஏடு என்ற குழப்பம் பிறகு வராது.

முதலில் திருமண ஏட்டைத் திறவுங்கள்

பலரும் ஞானஸ்நான ஏட்டிலிருந்து தொடங்குவார்கள். திருமண ஏட்டிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பேன். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படியான திருமணப் படிவத்தில் மணமக்களின் வயது, முன்பு மணமானவரா என்பது, தொழில், வசிப்பிடம், இருவரின் தகப்பனார் பெயர் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உள்ளன. கீழே சாட்சிகளின் கையொப்பமோ கைநாட்டோ இருக்கும். ஒரே வரியில் இரு குடும்பங்கள் கிடைக்கின்றன. வயதை மட்டும் தோராயமாகவே கொள்ள வேண்டும். 20, 25 என்ற முழு எண்கள் அடிக்கடி வந்தால் குரு பார்த்து மதிப்பிட்டு எழுதியிருக்கிறார் என்று பொருள்.

கத்தோலிக்கத் திருமண ஏட்டில் இன்னும் ஒரு புதையல் உண்டு. அத்தை மகள், மாமன் மகள் மணம் நம்மிடையே உரிமையாக இருக்க, திருச்சபைச் சட்டத்தில் அது தடை. ஆயரின் விதிவிலக்கு பெற்றே மணம் செய்துவைக்க முடியும். அந்த விதிவிலக்கைக் குரு பதிவிலேயே எழுதுவார். ‘இன் செகுந்தோ கிராது கொன்சாங்குவினித்தாத்திஸ்’ என்று இருந்தால், இரத்த உறவில் இரண்டாம் படி. அதாவது மணமக்களுக்குத் தாத்தா பாட்டி பொது. மூன்றாம் படி என்றால் கொள்ளுத்தாத்தா அல்லது கொள்ளுப்பாட்டி பொது. அக்காள் மகளை மணந்திருந்தால் ஒன்றும் இரண்டும் கலந்த படி என்ற குறிப்பு வரும். இந்த ஒரு சொற்றொடரைக் கொண்டே, பிறப்புப் பதிவு இல்லாத ஒரு தலைமுறையின் உறவை உறுதிப்படுத்தலாம். ஏனெனில் விதிவிலக்குக் கேட்கும் விண்ணப்பத்தோடு உறவை விளக்கும் ஒரு சிறு வம்சாவளி வரைபடமும் ஆயரகத்துக்குப் போவது வழக்கம். அந்த விண்ணப்பக் கட்டு பிழைத்திருந்தால், உங்கள் வேலையை அன்றைய குருவே பாதி முடித்து வைத்திருப்பார். ‘திஸ்பாரித்தாஸ் குல்துஸ்’ என்ற குறிப்பு, ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்பதைக் காட்டும். அவருடைய முன்னோரை ஆலய ஏட்டில் தேடிப் பயனில்லை.

இலத்தீன் பதிவை வாசிக்கும் முறை

கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவு ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் அமையும். ‘ஏகோ இன்ஃப்ராஸ்கிரிப்துஸ் பாப்திசாவி’ என்றால் ‘கீழே கையொப்பமிட்ட நான் ஞானஸ்நானம் கொடுத்தேன்’. அதையடுத்துக் குழந்தையின் பெயர், ‘ஃபிலியும்’ என்றால் மகன், ‘ஃபிலியாம்’ என்றால் மகள். அதன் பின் பெற்றோர் பெயர், ‘கோன்யுகும்’ அதாவது தம்பதியர். ‘நாத்தும்’ என்பது பிறந்த நாளைச் சொல்லத் தொடங்கும் சொல்: ‘ஹெரி’ நேற்று, ‘ஏயுஸ்தெம் மென்சிஸ்’ இதே மாதத்தின். கடைசியில், ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்: ‘பத்ரினுஸ்’ ஞானத்தகப்பன், ‘மத்ரினா’ ஞானத்தாய். இலத்தீனில் வேற்றுமைக்கேற்பப் பெயரின் ஈறு மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ‘பெத்ருஸ்’, ‘பெத்ரும்’, ‘பெத்ரி’ மூன்றும் ஒரே ஆள்தான்.

இரண்டு குறிப்புகளைக் கண்டால் நின்று கவனிக்க வேண்டும். ‘இன் ஆர்த்திகுலோ மோர்த்திஸ்’ என்பது சாகும் தறுவாயில் கொடுத்த ஞானஸ்நானம். அந்தக் குழந்தையை அடக்க ஏட்டிலும் உடனே தேடுங்கள். ‘ஸுப் கோந்தித்தியோனே’ என்பது, முன்பே ஞானஸ்நானம் பெற்றவரோ என்ற ஐயத்தோடு கொடுத்தது. வளர்ந்தவர் ஒருவருக்கு இப்படி எழுதியிருந்தால், அவர் புராட்டஸ்தாந்துச் சபையிலிருந்து வந்தவராக இருக்க வாய்ப்பு மிகுதி. தேடலை அந்தச் சபையின் ஏட்டுக்கு மாற்ற வேண்டும்.

பக்கத்து ஓரத்தையும் விடாதீர்கள். 1908-இல் நடைமுறைக்கு வந்த கத்தோலிக்கத் திருமண ஆணைக்குப் பின், ஒருவர் எங்கு மணம் முடித்தாலும் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற விதி வந்தது. மலையில் பிறந்து வால்பாறையிலோ கோலாரிலோ மணம் செய்தவரை அந்த ஓரக் குறிப்பு கொண்டுவந்து நிறுத்தும்.

பெயர்களின் பல வடிவம்

இலத்தீன் ஏட்டில் உள்ள பெயரை வீட்டில் யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். பெத்ருஸ் என்பவர் வீட்டில் இராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், யோசேஃபுஸ் சூசை, ஸ்தேஃபானுஸ் முடியப்பன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம், இக்னாசியுஸ் இன்னாசி, யாக்கோபுஸ் யாகப்பன் அல்லது சந்தியாகு, லாசருஸ் தேவசகாயம், ஃபிரான்சிஸ்குஸ் சவேரியுஸ் சவரிமுத்து. இது எப்போதும் தவறாமல் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம். சில குருக்கள் தமிழ்ப் பெயரை அப்படியே ரோமன் எழுத்தில் எழுதினார்கள். அப்போதும் எழுதியவர் பிரெஞ்சுக்காரர் என்பதால் ‘முத்து’ என்பதில் உகரத்துக்கு ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகள் வரும். ‘அப்பன்’ என்ற ஈறு ‘அப்பென்’ என்று முடியும். ஏட்டின் கடைசியில் அகரவரிசை இருந்தால் அது பெரும்பாலும் ஞானஸ்நானப் பெயரின் வரிசை. தகப்பன் பெயரைத் தேடி அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஞானப்பெற்றோரும் சாட்சிகளும்

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். குன்னூர்ப் பகுதியில் இரண்டு அந்தோணிகள். இருவருக்கும் தகப்பன் சூசை, தாய் மரியாள். இருவரும் ஏறத்தாழ ஒரே வயது. பெயரை வைத்துப் பிரிக்கவே முடியாது. முதல் அந்தோணியின் ஞானத்தாய் ஒரு வியாகுலம்மாள். அவளே சூசையின் மற்ற இரு குழந்தைகளுக்கும் ஞானத்தாய். அவள் திருமணப் பதிவில் ஊர் கருமத்தம்பட்டி என்று உள்ளது. இரண்டாம் அந்தோணியின் ஞானத்தகப்பன் சேலம் பக்கத்துக்காரர், அந்தக் குடும்பம் இருந்த எஸ்டேட்டின் மேஸ்திரி. இப்போது இரண்டு சூசைகள் தெளிவாகப் பிரிகிறார்கள், முதல் குடும்பத்தின் சமவெளி ஊருக்கு ஒரு தடயமும் கிடைக்கிறது. மலைக்கு வந்த முதல் தலைமுறையினர் பெரும்பாலும் சொந்த ஊர்க்காரரையே ஞானப்பெற்றோராக அழைத்தனர். பிள்ளைகள் காலத்தில்தான் எஸ்டேட் நண்பர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

இதற்காக உங்கள் குடும்பத்தின் பதிவை மட்டும் எழுதாமல், முன்னும் பின்னும் சில ஆண்டுகளுக்கு அதே ஊர், அதே எஸ்டேட், அதே ஞானப்பெற்றோர் வரும் எல்லாப் பதிவுகளையும் ஒரு அட்டவணையில் இட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி இல்லை. ஒரே பெயர் எல்லாத் திருமணங்களிலும் சாட்சியாக வந்தால் அவர் உபதேசியாரோ கோயில் பிள்ளையோ (ஆலயப் பணியாளர்) ஆவார்; அவரை உறவினர் என்று கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

மலைக்கு வெளியே உள்ள படிகள்

ஆங்கிலிக்கன் சாப்ளின்கள் தம் பதிவுகளின் நகலைக் காலாண்டுக்கு ஒருமுறை மதராஸில் பேராயருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆர்ச்டீக்கனுக்கு அனுப்பினர். அங்கிருந்து அவை லண்டன் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், ‘N/2’ என்ற மதராஸ் வரிசையில் உள்ளன. ஃபைன்ட்மைபாஸ்ட் (Findmypast) என்ற வம்சாவளி இணையதளத்தில் கட்டணத்துக்குப் பார்க்கலாம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இதுவே முதல் வழி. தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கிடைப்பது குறைவு.

பாசல் மிஷன் ஆவணங்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், மிஷன் 21 அமைப்பின் காப்பகத்தில் உள்ளன; பட்டியலையும் புகைப்படங்களையும் இணையத்தில் பார்க்கலாம். மங்களூர் கர்நாடக இறையியல் கல்லூரிக் காப்பகத்திலும் பாசல் மிஷன் ஆவணங்கள் உண்டு. ஆங்கிலிக்கன் மிஷனான சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) அமைப்பின் கடிதங்களும் அறிக்கைகளும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இவை பதிவேடுகள் அல்ல என்றாலும், ஏட்டில் ஒரு வரியாக உள்ள உபதேசியாரைப் பற்றி மிஷனரி ஒரு பக்கம் எழுதியிருக்கக்கூடும்.

ஏடு கிடைக்காதபோது

ஏடு தொலைந்தது, கரையான் தின்றது என்ற பதில் கிடைத்தால், அதே நபர் இடம்பெறக்கூடிய வேறு ஏடுகளைக் கேளுங்கள். கத்தோலிக்கரில் உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானம் பெற்றவரை ஆயர் விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) ஏடு, ஆயர் மலைக்கு வந்த நாளில் பல பங்குகளின் பிள்ளைகளை ஒன்றாகப் பதிவதால், பங்கு ஏடு அழிந்த இடத்திலும் உதவும். குடும்பங்களை வீடு வாரியாகப் பதிந்த ‘ஸ்தாத்துஸ் அனிமாரும்’ என்ற ஏடு கிடைத்தால், ஒரே வீட்டில் இருந்த எல்லோரையும் ஒரே பக்கத்தில் காணலாம். தென்னிந்தியத் திருச்சபையில் அதே சடங்குக்கான திடப்படுத்தல் ஏடும் சந்தாக் கணக்கும் அதே வேலையைச் செய்யும். மிஷன் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.

1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தில் பெற்றோரை இழந்து மிஷன் அநாதை விடுதிகளில் வளர்ந்தவர்கள் உண்டு. ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர் இல்லாமல் இருந்தால் விடுதிப் பதிவேடே கடைசி எல்லையாக இருக்கலாம். அதற்கு மேல் ஊகித்து ஒரு தாத்தாவை நட வேண்டாம்.

1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பகுதிகளில் குடியேறியவர்களுக்கு வழி வேறு. அவர்களுடைய முந்தைய தலைமுறை நீலகிரி ஏட்டில் இருக்காது. தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையில் உள்ள தோட்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டு, கத்தோலிக்கராயின் கண்டி மறைமாவட்டத்தின் மலையகப் பங்குகளுக்கும், ஆங்கிலிக்கராயின் 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் வழிவந்த சபைகளுக்கும் எழுத வேண்டும். கடிதத்தில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரையும், பிரிவையும், தெரிந்தால் கங்காணியின் பெயரையும் எழுதுங்கள். அந்தக் கங்காணியின் சொந்த ஊரே பெரும்பாலும் உங்கள் முன்னோரின் ஊருக்கு அண்மையில் இருக்கும்.